எவர்கிரீன் ஸ்டைரீன் பட்டைகள்: 1:35 லாரி மாடலில் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

1:35 அளவு, அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கான லாரி கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்) ஒன்றைப் பிரித்து, மட்கார்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முக்கால் மி.மீ. முதல் 1 மி.மீ. வரை தடிமன் இருக்கும். அதை 35-ஆல் பெருக்கினால் 26 முதல் 35 மி.மீ. வருகிறது. நிஜ லாரியின் மட்கார்டுத் தகடு 2 மி.மீ. இருந்தாலே அதிகம். செய்து முடித்த மாடல் ஏனோ பொம்மை மாதிரி தெரிவதற்கு, பெயின்ட்டைவிட இந்தத் தடிமன்தான் பெரிய காரணம். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிப் பரவ ஓரளவு இடைவெளி வேண்டும். ஆகவே எந்தக் கம்பெனி கிட்டாக இருந்தாலும் மெல்லிய தகடு, ஒல்லிக் குழாய், சின்ன போல்ட் தலை எல்லாம் தடித்துத்தான் வரும்; இல்லையென்றால் வரவே வராது. அவற்றைக் கையால் செய்து சேர்க்க நினைப்பவர்கள் முதலில் தேடிப்போவது அமெரிக்காவின் எவர்கிரீன் கம்பெனி விற்கும் வெள்ளை ஸ்டைரீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பட்டைகளையும் தாள்களையும்தான். இது அவற்றைப் பற்றிய மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தட்டையாக, நேராக, ஒரே அளவில் பத்து இருபது எண்ணம் வேண்டிய உறுப்பு எதுவானாலும் எவர்கிரீனுக்குச் செலவழிப்பது தகும். உருண்டையாக வளைந்து நெளிந்து போகும் உறுப்புகளுக்கு அதை வாங்க வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் செம்புக் கம்பி அங்கே பல மடங்கு மேல். இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அதனால்தான் அழகாகச் செய்த சேஸில் தொய்ந்துபோன பிளாஸ்டிக் பிரேக் குழாய்களை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது.

வெறுமனே "நல்ல பொருள்" என்று சொன்னால் பயனில்லை என்பதால், ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவோம். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் ஜி.எம்.சி. லாரி, சி.சி.கே.டபிள்யூ. 353. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ஓடிய ரெட் பால் எக்ஸ்பிரஸ் சரக்குப் போக்குவரத்தின் முதுகெலும்பு இதுதான். 1:35 அளவில் இதற்குப் பல கிட்கள் உண்டு. படங்களும் பழுதுபார்ப்புக் கையேடுகளும் ஏராளமாகக் கிடைப்பதால், கைவேலை பழக இதைவிடத் தோதான லாரி இல்லை.

பட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் கிட்டை அளந்துவிடுங்கள். 353 ரகத்தின் வீல்பேஸ் 164 அங்குலம். முன் ஆக்சிலிலிருந்து பின்னிரண்டு ஆக்சில்களின் நடுப்புள்ளி வரை. 1:35-இல் அது 119 மி.மீ. குட்டை ரகமான 352-க்கு 145 அங்குலம், அதாவது 105 மி.மீ. நீள ரகத்தின் பாடி 12 அடி, மாடலில் 104.5 மி.மீ. சேஸ் இந்தக் கணக்கிலிருந்து 2 மி.மீ. விலகியிருந்தால், பின்னால் நீங்கள் படம் பார்த்து வைக்கும் ஒவ்வொரு பிராக்கெட்டும் இடம் மாறி நிற்கும். ஒரு அங்குலம் 0.73 மி.மீ. என்ற ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கணக்கெல்லாம் ஓடிவிடும்.

இனிப் பொதிக்கு வருவோம். பட்டைகள் 14 அங்குல நீளம், அதாவது 35 செ.மீ. தாள்கள் 6×12 அங்குலம். அளவு அங்குலத்திலும் மி.மீ.யிலும் உறைமேலேயே அச்சிட்டிருக்கும். எண்கள் முதலில் குழப்பும். ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மூன்று இலக்க எண்ணில் நடு இலக்கம் தடிமன்: 10 வரிசை 0.25 மி.மீ., 11 வரிசை 0.38, 12 வரிசை 0.5, 13 வரிசை 0.75, 14 வரிசை 1 மி.மீ. கடைசி இலக்கம் அகலம்: 0 என்றால் அரை மி.மீ., 1 என்றால் முக்கால், 2 என்றால் 1 மி.மீ., 3 என்றால் ஒன்றரை, 4 என்றால் 2, 5 என்றால் இரண்டரை. ஆக 102 என்பது 0.25×1 மி.மீ., 125 என்பது 0.5×2.5 மி.மீ. இது பிடிபட்டுவிட்டால் கடைக்காரரின் பட்டியலை எண் மட்டும் பார்த்தே படிக்கலாம். தாள்களில் 9009 என்பது 0.13 மி.மீ., 9010 என்பது 0.25, 9020 அரை மி.மீ., 9040 ஒரு மி.மீ.

பட்டையைத் தாளிலிருந்து நாமே வெட்டிக்கொள்ளலாமே, எதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று தோன்றும். ஒன்றிரண்டு போதுமென்றால் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அரை மி.மீ. அகலத்தில் இருபது பட்டைகளை அளவுகோல் வைத்துக் கையால் வெட்டினால் எதுவும் எதோடும் சேராது. கத்தியின் அலகு ஆப்பு வடிவம். வெட்டும்போது ஓரம் சரிவாக விழும், மேல்விளிம்பில் பிசிறு எழும், 0.25 மி.மீ. தாள் என்றால் பட்டை முழுக்க ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும். எவர்கிரீன் பட்டையில் நான்கு முனையும் கூராக, அகலம் முதல் பட்டையிலும் கடைசிப் பட்டையிலும் ஒன்றாகவே இருக்கும். நாம் காசு கொடுப்பது பிளாஸ்டிக்குக்கு அல்ல, அந்தச் சீருக்கு.

அந்தச் சீர் முழுதாகப் பலன் தருவது பின்பாடியின் பக்கவாட்டுச் சட்டங்களில். ஜி.எம்.சி.யின் பாடி முதலில் முழுக்க இரும்பில் வந்தது. பிறகு இரும்பை மிச்சப்படுத்த மரத்துக்கு மாறி, அதன்பின் மரமும் இரும்பும் கலந்து வந்தது. எந்த ரகத்தைச் செய்கிறீர்கள் என்பதைப் படத்தை வைத்து முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 1×4 அங்குலம் என்று விற்கும் அமெரிக்கப் பலகை, இழைத்தபின் ஏறக்குறைய முக்கால் அங்குலத் தடிமனும் மூன்றரை அங்குல அகலமும் இருக்கும். 1:35-இல் அது 0.54×2.54 மி.மீ. 125-ஆம் எண் பட்டை அப்படியே பொருந்துகிறது, சீவவே வேண்டாம். ஒரு பட்டையில் 104.5 மி.மீ. நீளத்தில் மூன்று பலகை வரும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

பலகைகளை ஒரே நீளத்தில் வெட்ட நார்த் வெஸ்ட் ஷார்ட் லைன் கம்பெனியின் சாப்பர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 1 மி.மீ. தாளில் வெட்டிய இரண்டு துண்டுகளைச் செங்கோணமாக ஒட்டி, 104.5 மி.மீ. தள்ளி ஒரு தடுப்பு வையுங்கள். பட்டையைத் தடுப்பில் முட்டவிட்டு, புது பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் முனை சரியும். எட்டுப் பத்து வெட்டுக்கு ஒருமுறை பிளேடின் வேறு இடத்தைப் பயன்படுத்துங்கள். மழுங்கிய பிளேடு வெட்டுவதற்குப் பதில் நசுக்கும், நசுங்கிய முனை பெயின்ட் அடித்ததும் சின்னக் காளான் போலத் தெரியும்.

பலகையில் மர ரேகை போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரம்பத்தின் பல்லைப் பட்டையின் நீளவாக்கில் ஒருமுறை மெதுவாக இழுத்து, எழும் நூல்களை மெல்லிய எஃகுக் கம்பளியால் துடைத்தால் போதும். பலர் ஆணி கொண்டு ஆழமாகக் கீறுகிறார்கள். 0.1 மி.மீ. ஆழக் கீறல் நிஜத்தில் மூன்றரை மி.மீ. பள்ளம். ராணுவப் பச்சை அடித்த பலகையில் அப்படி ஒரு பள்ளம் எங்கே இருக்கும்? சரக்கு உரசித் தேய்ந்த மேல்விளிம்பிலும் அறுத்த முனையிலும் மட்டும் ரேகையைக் காட்டினால் மரம் மரமாகத் தெரியும்.

ஒட்டுவதில்தான் இந்தப் பொருள் பலரைக் கவிழ்க்கிறது. தமியா எக்ஸ்ட்ரா தின் எனப்படும் பச்சை மூடிப் பசைதான் பொதுவாக எல்லாரிடமும் இருப்பது. அதில் இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும். ஸ்டைரீனைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும். 1 மி.மீ. கிட் உறுப்பு அந்தக் கரைப்பைத் தாங்கும். 0.25 மி.மீ. பட்டை தாங்காது. மூடியோடு வரும் தூரிகை ஒரு தடவைக்கு எடுக்கும் பசையே ஒரு முழுப் பட்டையை வெண்ணெயாக்கப் போதும். ஆகவே தனியாக மிக மெல்லிய தூரிகை ஒன்றை வைத்துக்கொண்டு, பாட்டில் கழுத்தில் நன்றாக வழித்துவிட்டு, பட்டையை உலர்ந்த நிலையிலேயே இடத்தில் பிடித்தபடி ஒரு முனையில் மட்டும் தொடுங்கள். பசை தானாகவே இடுக்கில் ஓடும். இடம் சரியா என்று பார்த்துவிட்டு அடுத்த முனையைத் தொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பசையின் பாதையில் விரல் இருந்தால், விரல்ரேகை பட்டையில் அச்சாகப் பதிந்துவிடும். அதற்குப் பரிகாரம் பட்டையைப் பிய்த்து வேறு வைப்பதுதான்.

அகலமான இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது வேறொரு சிக்கல். நடுவில் சிக்கிய பசை ஆவியாக வழியில்லாமல், நாள்கணக்கில் உள்ளேயே இருந்து மெல்லிய தாளைக் கரைக்கும். ஒட்டிய அன்று எல்லாம் சரியாக இருக்கும். சில நாள் கழித்து மேல்தாள் குழிந்தோ உப்பியோ நிற்கும். மறைந்துபோகும் பக்கத்துத் தாளில் ஒரு மி.மீ. துளைகளை அங்கங்கே போட்டுவிட்டு ஒட்டினால் ஆவி வெளியேறிவிடும். துளை போட இடமில்லையென்றால் ஓரங்களில் மட்டும் பசை தொடுங்கள். எப்படி ஒட்டினாலும் 24 மணிநேரம் ஆகாமல் அரம் போட வேண்டாம். மென்மையாக இருக்கும் இணைப்பைத் தேய்த்துச் சமமாக்கினால், பிறகு அது இறுகிச் சுருங்கும்போது அதே இடத்தில் கோடு விழும்.

இதைவிட மெல்லிய வேலை ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முன் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் லீஃப் ஸ்பிரிங், நம்ம ஊர் மெக்கானிக் "பட்டைக் கட்டு" என்பாரே, அதில் இலைகள் விலகாமல் பிடித்திருக்கும் கிளிப்புகள். கிட்டில் இவை வெறும் புடைப்பாகத்தான் இருக்கும். கூர் பிளேடால் அந்தப் புடைப்பைச் சீவித் தள்ளுங்கள். இதற்கு எவர்கிரீன் பட்டை எதுவும் உதவாது, ஏனென்றால் பட்டைகள் 0.25 மி.மீ.யிலிருந்துதான் தொடங்குகின்றன, அது நிஜத்தில் 9 மி.மீ. தகடு. 9009 தாளை எடுங்கள். அதன் 0.13 மி.மீ. நிஜத்தில் நாலரை மி.மீ.; இந்த இடத்துக்குக் கச்சிதம். 0.8 மி.மீ. அகலத்தில் 7 மி.மீ. நீளத் துண்டு வெட்டி, அதன் நடுப்பகுதியைப் பட்டைக் கட்டின் அடியில் வைத்து ஒரே ஒரு புள்ளி பசை. பத்து நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மேலே மடித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்னொரு புள்ளி. மூன்று பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஈரமாக்கினால் மடிப்பு மூலையில் தாள் கரைந்து அறுந்துபோகும். கடைசியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரு காதுகளுக்கு இடையே 0.3 மி.மீ. செம்புக் கம்பித் துண்டை போல்ட்டாக வைத்து, இரு பக்கமும் சிறிதளவு மட்டும் நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டிவிடுங்கள். ஒரு கிளிப்புக்குக் கால் மணிநேரம் ஆகும். சக்கரத்தை மாட்டிய பிறகும் மட்கார்டுக்கு அடியில் இது தெரியும். கீழே குனிந்து பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் இதுதான்.

போல்ட் தலைகளுக்கு அளவு பார்ப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அரை அங்குல போல்ட்டின் தலை எதிர்ப்பக்கங்களுக்கு இடையே முக்கால் அங்குலம், மாடலில் 0.54 மி.மீ. 3/8 அங்குல போல்ட் என்றால் 0.41 மி.மீ. எவர்கிரீனின் அரை மி.மீ. வட்டக் கம்பியை 0.2 மி.மீ. கனத்தில் சீவினால் முதல் அளவு கிடைத்துவிடும். அது வட்டமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். அரை மி.மீ. அளவில் அறுகோணத்தையும் வட்டத்தையும் வெறுங்கண் பிரித்தறியாது. ஆனால் யூ போல்ட் நட்டுகள் முக்கால் மி.மீ.யைத் தாண்டும், அங்கே அறுகோணம் வேண்டும். அதற்கு பிளாஸ்ட்ரக்ட் கம்பெனியின் அறுகோணக் கம்பி, அல்லது ஆர்.பி. டூல்ஸ் போன்றவர்கள் விற்கும் அறுகோணப் பஞ்ச். நிறைய மாடல் செய்பவருக்குப் பஞ்ச் லாபம். ஒரு லாரியோடு நிறுத்துபவருக்குக் கம்பியே போதும்.

சீவும்போது துண்டு பறந்துபோகாமலிருக்க, மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, கம்பியை அதன்மேல் படுக்கவைத்து வெட்டுங்கள். நூறு துண்டுகள் வரிசையாக அப்படியே உட்கார்ந்திருக்கும். வைக்க வேண்டிய இடத்தில் முதலில் ஒரு துளி தண்ணீர் வைத்து, கத்தி முனையை ஈரமாக்கி ஒன்றை எடுத்து அங்கே விட்டு, நகர்த்தி இடம் பார்த்து, தண்ணீரைத் தாள் முனையால் உறிஞ்சிவிட்டுப் பசை தொடுங்கள். நேராகப் பசைமேல் வைத்தால் திருத்த நேரம் கிடைக்காது.

முன்விளக்கின் பாதுகாப்புக் கம்பிகளுக்கு 100-ஆம் எண், அதாவது 0.25×0.5 மி.மீ. பட்டை நன்றாக வரும். வளைவு வேண்டிய இடத்தில் கையால் வளைத்தால் பட்டை வெளுத்து ஒடியும். தேவையான ஆரத்தைவிடச் சற்றுச் சிறிய ட்ரில் பிட்டின் தண்டில் சுற்றி, டேப் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் பத்து விநாடி முக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். வடிவம் நிலைத்துவிடும். எடுத்ததும் லேசாக விரியும் என்பதால்தான் சிறிய தண்டு.

டியூப் வகையில் எவர்கிரீன் இன்னொரு நன்மை செய்திருக்கிறது. 2.4, 3.2, 4 மி.மீ. குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி அமைந்தவை. ஏர் கிளீனர், தீயணைப்பான், சைலன்சர் போன்ற படிப்படியாகப் பருக்கும் உருளைகளை இவற்றாலேயே அடுக்கிவிடலாம். ஒரே குறை, உள்ளே நுழைத்து ஒட்டும்போது பசை அதிகமானால் வெளிக்குழாய் உருகிக் குழியும். உள்குழாயின் முனையில் மட்டும் தொட்டு, சுழற்றிக்கொண்டே நுழைத்துவிடுங்கள்.

சேனல், ஆங்கிள் வகைகளில்தான் ஏமாற்றம். பெரிய கட்டட மாடலுக்கும் ரயில் பாலத்துக்கும் அவை பொருத்தம். 1:35 சேஸின் குறுக்குச் சட்டத்துக்கு அவற்றின் சுவர் தடிமன் மிக அதிகம். கால் அங்குல இரும்புகூட இந்த அளவில் 0.18 மி.மீ.தான் வரும், சேனலின் ஓரத்தைப் பார்த்தவுடன் கனம் கண்ணில் உறுத்தும். கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மெலிதாக்கலாம், ஆனால் இரு சுவரும் சமமாக வருவது கடினம். 9010 தாளில் மூன்று பட்டை வெட்டிப் பெட்டியாக ஒட்டிக்கொள்வது வேகமான வழி. சேனல், ஆங்கிள் பொதிகளை லாரி மாடலுக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை.

மட்கார்டுக்குத் திரும்புவோம். அதை முழுதாகப் புதிதாகச் செய்ய வேண்டாம். ஓரத்தின் உட்பக்கத்தைக் கத்தியின் முதுகால் சரிவாகச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் கால் மி.மீ.க்கும் கீழே கொண்டுவந்தால் முழுத் தகடும் மெலிந்ததாகத் தோன்றும். அடிபட்டு நெளிந்த மட்கார்டு வேண்டுமென்றால் ஸ்டைரீன் அந்த நெளிவைக் காட்டாது. குளிர்பானக் கேனின் அலுமினியத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ.; கிட் உறுப்பையே அச்சாக வைத்து அதில் அழுத்தி வடிவெடுத்து, வேண்டிய இடத்தில் நெளிக்கலாம்.

குழாயும் வயரும் தனிக் கதை. எவர்கிரீனின் மிக மெல்லிய வட்டக் கம்பி அரை மி.மீ. கால் அங்குல பிரேக் குழாய் 1:35-இல் 0.18 மி.மீ. வருகிறது. அதாவது அரை மி.மீ. கம்பியைப் பிரேக் குழாயாகப் போட்டால் நிஜத்தில் முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய் போலிருக்கும்! ஸ்ப்ரூவை, அதாவது கிட் உறுப்புகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, மெழுகுவத்திமேல் காட்டி இழுத்து மெல்லிய நூலாக்குவது பழைய வழி. ஆனால் அதன் கனம் இடத்துக்கிடம் மாறும், பசை பட்டால் தொய்யும், தொட்டால் ஒடியும்.

ரீவைண்டிங் கடையில் கேஜ் (கம்பியின் கனத்தைக் குறிக்கும் எண்) சொல்லிக் கேளுங்கள். 36 கேஜ் 0.19 மி.மீ., அதுதான் பிரேக் குழாய். 34 கேஜ் 0.23 மி.மீ.; 5/16 அங்குல டீசல், பெட்ரோல் குழாய்க்கு ஒத்துப்போகும். ஸ்பார்க் பிளக் வயர் 7 மி.மீ. என்று வைத்தால் மறுபடி 36 கேஜ்தான். 28 கேஜ் 0.38 மி.மீ., ரப்பர் ஹோஸுக்கு. கேபினில் ஏறும் கைப்பிடிக்கும் பேட்டரி கேபிளுக்கும் 26 கேஜ், 0.46 மி.மீ. இந்த நான்கு கம்பிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் ஆயுசுக்கும் போதும். மேலே இருக்கும் இனாமலை லைட்டரில் காட்டி, நுண்ணிய உப்புத்தாளால் துடைத்துவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே செம்பும் இளகி வளைக்க வாகாகிவிடும். நேராக்க, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறட்டால் மெதுவாக இழுங்கள். கம்பி துளி நீண்டு கொடுக்கும் கணத்தில் நிறுத்தினால் அளவுகோல் போல நேராக நிற்கும்.

குழாயை எங்கே ஓட்டுவது என்பதில் ஒரு பெரிய பிழை நடமாடுகிறது. ஜி.எம்.சி.யின் பிரேக் ஹைட்ராலிக். அதற்குத் துணையாக வாக்குவம் பூஸ்டர். காற்று பிரேக் கிடையாது. சேஸின் பக்கத்தில் காற்றுத் தொட்டியும் சுருள் ஹோஸும் வைத்த ஜி.எம்.சி. மாடல்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தவறு. காற்று பிரேக் பார்க்க வேண்டுமென்றால் அதே காலத்து நாலு டன் டைமண்ட் டி லாரிக்குப் போங்கள். ஜி.எம்.சி.யில் குழாய் சேஸ் சட்டத்தின் உட்பக்கத்தோடு ஒட்டிப் போகும். ஆக்சில் மேலும் கீழும் ஆடுவதால் சட்டத்திலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் இடத்தில் இரும்புக் குழாய் இருக்க முடியாது; அங்கே ரப்பர் ஹோஸ். அந்த ஒரு இடத்தில் மட்டும் 28 கேஜுக்கு மாறி, சற்றுத் தளர்வாக வளைத்துவிடுங்கள். குழாயின் கனம் மாறும் அந்தப் புள்ளியில் 0.5 மி.மீ. கம்பியில் சீவிய ஒரு நட்டு வைத்தால் இணைப்பு என்று தெரியும். குழாயைப் பிடிக்கும் கிளிப்புகளை நிஜத்தில் அரை மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால், மாடலில் 14 மி.மீ. இடைவெளி. 9009 தாளில் அரை மி.மீ. அகலத்துக்குச் சீவி வளைத்தவை இதற்குப் போதும்.

செம்பைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கப் பச்சை மூடிப் பசை பயன்படாது, சூப்பர் க்ளூ வேண்டும். பாட்டிலிலிருந்து நேரே விடாமல், ஊசி முனையில் தொட்டு வையுங்கள். அடைத்த இடத்தில் உலரவிட்டால் சுற்றிலும் வெள்ளைப் படலம் படியும். மின்விசிறிக் காற்றோட்டம் இருந்தால் படியாது.

மாற்றுப் பொருள்களையும் பார்த்துவிடலாம். தமியாவின் பிளா பிளேட் தாள்கள் எவர்கிரீனுக்குச் சமமான தரம், அளவிலும் பெரியவை. தாள் மட்டும் வேண்டியவர் தாராளமாக அவற்றை வாங்கலாம். ஆனால் தமியாவின் சதுரச் சட்டங்கள் 1 மி.மீ.யிலிருந்துதான் தொடங்குவதால் நுண்வேலைக்குக் காணாது. பிளாஸ்ட்ரக்டில் சாம்பல் நிறத்தில் வருபவை ஏபிஎஸ் என்ற வேறொரு பிளாஸ்டிக். ஸ்டைரீன் பசை அதில் அரைகுறையாகத்தான் பிடிக்கும், ஆகவே வெள்ளை ஸ்டைரீன் வகையைப் பார்த்து எடுங்கள். விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் சன்போர்டு நுரைத்த பிவிசி. கத்தி பட்ட இடமெல்லாம் பஞ்சு போல இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது. முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருக்கும் தயிர்க் கப்புகள் ஸ்டைரீன்தான். அவற்றின் தட்டையான பகுதி இலவசத் தாள், பழகுவதற்கு நல்லது.

இறக்குமதிப் பொருள் என்பதால் நம் கைக்கு வரும்போது அனுப்பும் செலவுதான் கனக்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே தடவையில் வாங்குவது நல்லது. 35 செ.மீ. பட்டை கூரியரில் மடங்கி வரும் வாய்ப்பு அதிகம். அட்டைக் குழாயில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் பிவிசி பைப் துண்டில் நிறுத்திவையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் மஞ்சளாகும், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் மெல்லிய பட்டைகள் வளைந்துவிடும்.

முதல் லாரிக்கு 9009, 9010, 9020 தாள்கள், 100, 102, 122, 125 பட்டைகள், அரை மி.மீ. வட்டக் கம்பி. இவ்வளவு போதும். 120 எண்ணான அரை மி.மீ. சதுரப் பட்டை ஆசை காட்டும், ஆனால் லாரியில் அதற்கு அதிக வேலை இல்லை. டியூப்களை, எந்த உருளை வேண்டும் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

எல்லாம் ஒட்டி முடித்தபின் வெள்ளை ஸ்டைரீன், செம்பு, அலுமினியம், கிட் பிளாஸ்டிக் என்று வண்டி பல நிறமாக நிற்கும். அக்ரிலிக் பெயின்ட் வெறும் செம்பில் ஒட்டாது, நகம் பட்டால் உரிந்து வரும். ஆகவே மிஸ்டர் சர்ஃபேசர் 1000 போன்ற லாக்கர் பிரைமரை நன்றாக நீர்க்கவைத்து முதலில் அடியுங்கள். ஒரே தடவையில் ஈரமாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் 0.13 மி.மீ. கிளிப்புகளை நெளியவைக்கும், 0.2 மி.மீ. உயரமுள்ள போல்ட் தலைகளும் மூழ்கிவிடும். தூரத்திலிருந்து தூவல் போல இரண்டு தடவை, இடையே கால் மணிநேரம் உலரவிட்டு. பிரைமர் ஏறியதும் சேஸைத் தலைகீழாகத் திருப்பி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிறம் ஒன்றாகிவிட்டதால், விட்டுப்போன இடுக்கும் சாய்ந்த கிளிப்பும் அப்போதுதான் கண்ணில் படும். பச்சை அடிப்பதற்கு முன் அவற்றைத் திருத்திவிடலாம்.